14. இடது காலின் பழக்கம்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வண்டி கிளம்பும் முன்பே ஒரு சண்டை அதற்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது.

ஓட்டும் இடத்தில் அவள். பக்கத்தில் அவள் கணவன், சரியாக மடங்காத இடது காலை நீட்டுவதற்காக இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு. அவனுக்குப் பின்னால் அவன் தங்கை சுட்டி, தள்ளிய இருக்கையில் நசுங்காமல் இருக்க ஒருக்களித்து.

"ஆயில் பார்த்தியா?"

"பார்த்தேங்க."

"குச்சியை எடுத்ததும் பார்த்தியா, இல்ல தொடைச்சிட்டு மறுபடி விட்டுப் பார்த்தியா?"

"தொடைச்சிட்டுத்தான். ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கு."

"டயர்?"

"நேத்து சாயங்காலமே காத்துப் பிடிச்சாச்சு."

"கூலன்ட்?"

"அண்ணே," என்றாள் பின்னாலிருந்து சுட்டி, "அண்ணியைப் பொண்ணு பார்க்கப் போனப்பகூட நீ இத்தனை கேள்வி கேக்கல."

அவன் சிரிக்கவில்லை. முன்னால் இருந்த பெட்டியைத் திறந்து, கண்ணாடிக் காகித உறை போட்ட நீல நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அந்த நோட்டுக்கு வயது பதினொன்று. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதற்கு நடந்ததெல்லாம் அதில் இருக்கிறது. தேதி, கிலோமீட்டர், வேலை, காரணம் என்று நான்கு கட்டங்கள். ஆயில் மாற்றினால் எழுதுவான். வைப்பர் ரப்பர் மாற்றினாலும் எழுதுவான். ஊரில் உள்ள மாடிக் கட்டடங்களில் லிஃப்டுகளைச் சோதித்து, கயிறும் பிரேக்கும் சரியாக இருக்கின்றன என்று கையெழுத்துப் போடுவது அவன் உத்தியோகம். எழுதாத எதையும் நடந்ததாக அவன் ஒப்புக்கொள்வதில்லை. பதினொரு வருஷத்தில் அந்த நோட்டில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

இரண்டு மாதத்துக்கு முன் அவன் இடது முழங்கால் பந்து போல் வீங்கி, வாசலில் வண்டியை விட்டு இறங்க முடியாமல் அவன் உள்ளேயே உட்கார்ந்துவிட்டதும், "ஓட்டவே கூடாது" என்று டாக்டர் சொன்னதும், கைப்பையில் பன்னிரண்டு வருஷமாக வெறும் அட்டையாகக் கிடந்த அவளுடைய லைசென்ஸுக்கு உயிர் வந்ததும் நமக்குத் தெரியும். பயிற்சிப் பள்ளியில் பத்து நாள் மறுபடி கற்றுக்கொண்டு, ஆறு வாரமாக அவள்தான் ஓட்டுகிறாள்.

மூன்று வாரத்துக்கு முன் வந்த கடிதமும் நமக்குத் தெரியும். மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர் வேலை. பதினைந்து வருஷம் கழித்து அவளை ஒரு வேலை கூப்பிட்டிருக்கிறது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சேர வேண்டும். முதல் பஸ் மேலே போய்ச் சேருவதே எட்டுக்கு. வண்டி இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

"வண்டியை எடுத்துட்டுப் போகவாங்க?" என்று அவள் கேட்டதற்கு மூன்று வாரமாக ஒரே பதில்: "பார்க்கலாம்."

நேற்றுதான் அந்தப் பதிலுக்கு ஒரு வால் முளைத்தது. "நாளைக்கு என் காலைக் காட்ட அங்கதானே போறோம். மலையில ஏத்திக் காட்டு. அப்புறம் திங்கட்கிழமையைப் பத்திப் பேசலாம்."

அவள் சாவியைத் திருப்பினாள்.

* * *

முதல் சிக்னலில் சிவப்பு. அவள் வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இடது காலை கிளட்ச்சிலிருந்து எடுத்துப் பக்கத்தில் இருந்த கால் மேடையில் வைத்தாள்.

"இதென்ன, வீடு கட்டிக் குடியிருக்கப் போறியா இங்க?"

"நாப்பத்தஞ்சு செகண்டு போட்டிருக்குங்க."

"பச்சை விழுந்ததும் நீ கிளட்ச்ச மிதிச்சு, கியரைப் போட்டு, பிரேக்கை எடுத்து... பின்னால இருக்கறவன் ஹாரன் அடிச்சே செத்துடுவான். ஃபர்ஸ்ட்ல போட்டு மிதிச்சுக்கிட்டே ரெடியா நிக்கணும். எப்பவும் ரெடியா இருக்கணும்."

"ஸ்கூல்ல இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க."

"ஸ்கூல்காரனுக்கு என்ன, அவன் வண்டியா?"

நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதையெல்லாம் தட்டச்சு செய்வது சுட்டியின் வேலை. வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. "எப்பவும் ரெடியா இருக்கணும்," என்று விரல்களை முழங்காலில் தட்டினாள். "பதிவு பண்ணியாச்சுங்க. அடுத்த சாட்சி."

பச்சை விழுந்தது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

அவள் கியர் மாற்றும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சின்ன சத்தம் கேட்டது. அவன் இடது கால் தரை விரிப்பை அழுத்துகிற சத்தம். அவளுக்கு முன்னால் ஒரு தடவை, அவளோடு ஒரு தடவை. ஆறு வாரமாக அவள் கேட்டுப் பழகிய சத்தம்தான். வண்டியில் இரண்டு பேர் ஓட்டுகிறார்கள், அதில் ஒருவருக்குத்தான் பெடல் இருக்கிறது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

மலைப்பாதை தொடங்கியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. பாதி ஏற்றத்தில் தடுமாறக் கூடாது என்று, சரிவு தொடங்கும் முன்பே கியரை இறக்கினாள். கை கியர் கம்பியிலிருந்து உடனே ஸ்டியரிங்குக்குத் திரும்பியது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவனிடம் அது பாராட்டுப் பத்திரம்.

மூன்றாவது வளைவு தாண்டியதும் எஞ்சின் சத்தம் திடீரென்று உயர்ந்தது.

சத்தம்தான் உயர்ந்தது. வேகம் உயரவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். எஞ்சின் கத்தியது. வண்டியோ மாவில் நடப்பது போல் ஊர்ந்தது. கருகிய வாடை உள்ளே வந்தது.

"என்ன பண்ற? கிளட்ச்ச விடு!"

"விட்டுத்தாங்க இருக்கேன்!"

"காலை எடு!"

"கால் அங்க இல்லவே இல்லங்க, பாருங்க!"

அவன் பார்க்கவில்லை. முன்கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஓரமாக ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் போட்டு, எஞ்சினை அணைத்தாள். கேட்காமலே சுட்டி இறங்கி ஒரு கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள்.

அடியிலிருந்து எதுவோ ஆறும் டிக் டிக் சத்தம் மட்டும்.

"ஆறே வாரம்," என்றான் அவன் மெல்ல. கத்தியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது அவளுக்கு. "பதினொரு வருஷம் பூவாட்டம் வச்சிருந்தேன். ஆறு வாரத்துல தின்னு தீர்த்துட்ட."

அவன் பேனாவை எடுத்தான். தேதி. கிலோமீட்டர்: 1,23,900. வேலை: கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் பேனா ஒரு வினாடி நின்றது. பிறகு, நிதானமான கையெழுத்தில், இரண்டே வார்த்தை.

புது டிரைவர்.

அவள் படித்தாள். அவள் படித்ததை அவனும் பார்த்தான். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த சுட்டி மட்டும், முதல் தடவையாக, ஒரு கிண்டலும் செய்யவில்லை.

* * *

போன் போட்டதும் மெக்கானிக் வந்தார். அவர் பேர் யாருக்கும் ஞாபகமில்லை. எதைக் கேட்டாலும் "மெதுவா பார்ப்போம்" என்று தொடங்குவதால் ஊருக்கு அவர் மெதுவண்ணன். கீழே பட்டறைக்கு இழுத்துப் போக, வண்டியைத் தன் பிக்கப் வேனில் கட்டினார். "சாயங்காலம் வாங்க. கழட்டினாத்தான் தெரியும்."

"தெரியறதுக்கு என்ன இருக்கு, பிளேட்டு போச்சு," என்றான் அவன்.

"பிளேட்டு போச்சுன்னு தெரியும் சார். ஏன் போச்சுன்னு தெரியணும்ல. மெதுவா பார்ப்போம்."

மேலே போன ஆஸ்பத்திரி லாண்டரி வேன் அவர்களை ஏற்றிக்கொண்டது. வெள்ளைப் படுக்கை விரிப்பு மூட்டைகளுக்கு நடுவே மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அவன் நீட்டிய காலுக்கு ஒரு மூட்டை தலையணையானது.

"காலைக் காட்டவா?" என்றார் வேன்காரர்.

"ஆமாங்க. அதோட, திங்கட்கிழமையிலேருந்து நான் இங்க மருந்தகத்துல சேர்றேன்," என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் தன் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் மூட்டையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ வேன்லயே வந்து பழகிக்குங்க," என்று சிரித்தார் வேன்காரர். "ஆனா நான் வர்றது பதினோரு மணிக்கு. மருந்தகத்துல ஏழுக்கே இருக்கணும்."

எலும்பு டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், முழங்காலை அழுத்திப் பார்த்தார். வீக்கம் வற்றியிருந்தது. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இது உங்க கார். உக்காந்து ஓட்டுங்க."

"எதுக்கு டாக்டர்?"

"வலி எங்கேருந்து வருதுன்னு படம் சொல்ல மாட்டேங்குது. நீங்க சொல்லுங்க."

அவன் கொஞ்சம் வெட்கத்தோடு உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

"சிக்னல்ல நிக்கிறீங்க."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவன் காலைப் பார்த்தாள். வலது பாதம் தரையில் இருந்தது. இடது பாதம் தரையில் இல்லை. தரைக்கு மேல் நாலு விரற்கடை உயரத்தில், எதையோ அழுத்திப் பிடித்த மாதிரி, காற்றில் நின்றது. முப்பது வினாடி. நாற்பது. தொடை மெல்ல நடுங்க ஆரம்பித்தது. அது அவனுக்குத் தெரியவில்லை.

"சரி, சிக்னல் விழுந்தாச்சு. நேர் ரோடு. நாலாவது கியர்ல போறீங்க."

இடது பாதம் கொஞ்சம் உயர்ந்தது. அவ்வளவுதான். கீழே வரவில்லை.

"இப்போ அந்தக் கால் எதுக்கு மேல இருக்கு?"

அவன் குனிந்து பார்த்தான். யாரோ ஒருவருடைய கால் அங்கே இருப்பதைப் போலப் பார்த்தான்.

"ரெடியா இருக்கணும்ல டாக்டர்."

"எதுக்கு?"

அவன் இல்லாத ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவீங்க?"

"எட்டு கட்டடம் பார்ப்பேன். நாலு மணி நேரம் இருக்கும்."

"நாலு மணி நேரம் ஒரு காலைத் தூக்கிப் பிடிச்சா எந்த முழங்கால்தான் சும்மா இருக்கும்? இன்னும் ரெண்டு வாரம் பயிற்சி. அதுக்கப்புறமும் நாளெல்லாம் சுத்துற வேலை கொஞ்ச நாளைக்கு வேண்டாம். ஓட்டும்போது காலைக் கீழ வைக்கப் பழகுங்க."

வெளியே வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "இவங்களுக்கு எலும்பைப் பத்தித் தெரியும். வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

சுட்டி வாயைத் திறந்தாள். அவள் சுட்டியின் கையைப் பிடித்து அழுத்தினாள். சுட்டி வாயை மூடிக்கொண்டாள்.

படி இறங்கும் வழியில் மருந்தகம். சன்னலுக்குப் பின்னால் மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த தலைமை மருந்தாளுநர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"திங்கட்கிழமை வர்றீங்கல்ல? ஏழு மணின்னா ஏழு மணிம்மா. ராத்திரி ஷிஃப்ட்காரங்க போயிடுவாங்க. ஒரு நிமிஷம் தாமதமானாலும் வார்டு காத்துக்கிட்டு நிக்கும்."

இரண்டடி தள்ளி அவன் ஊன்றுகோலில் சாய்ந்து நின்றான். வண்டி மெக்கானிக்கிடம் கிடந்தது. திங்கட்கிழமையோ, காரணக் கட்டத்தில் "புது டிரைவர்" என்று எழுதி மூடி வைக்கப்பட்டிருந்தது.

"வந்துருவேன் சார்," என்றாள் அவள்.

* * *

மெதுவண்ணனின் பட்டறையில், தகரக் கூரைக்குக் கீழே வண்டி உயரத் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. மணி நான்கு. புதுப் பிளேட்டை மாட்டி முடித்து, கையை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டிருந்தார் அவர். கழற்றியதை ஒரு செய்தித்தாளில் பரப்பி வைத்திருந்தார்.

"வாங்க சார், வாங்க மேடம். மெதுவா பாருங்க."

வட்டத் தட்டு. விளிம்பைச் சுற்றி ஒட்டியிருந்த உராய்வுப் பட்டை தேய்ந்து, அடியில் இருந்த ஆணித் தலைகள் வெளியே தெரிந்தன.

"ஆறு வாரத்துல," என்றான் அவன்.

"ஆறு வாரத்துலயும் போகும் சார். ஆறு நாள்லகூடப் போகும். ஆனா அது வேற மாதிரி போகும். கத்துக்கறவங்க ஏத்தத்துல கிளட்ச்ச அரைகுறையா விட்டு எரிப்பாங்க. அப்போ இந்த இரும்பு நீலம் நீலமா கன்னிப் போயிருக்கும்." ஒரு கனத்த இரும்பு வட்டத்தைத் திருப்பினார். "இன்னைக்கு மலையில எரிஞ்ச கருப்பு இது, மேலாப்புல. தொடைச்சா போயிடுது. அடியில பாருங்க, சாப்பிடுற தட்டு மாதிரி வழவழன்னு. இது வருஷக்கணக்குல, தினம் ஒரு இழையா தேய்ஞ்சது."



அவர் ஒரு சின்ன பேரிங்கை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றினார். அது கரகரவென்று அழுதது.

"கிளட்ச்ச மிதிக்கும்போது மட்டும்தான் இதுக்கு வேலை. காலை எடுத்துட்டா இதுக்கு ஓய்வு. பாவம், இந்த பேரிங்குக்கு ஓய்வே கிடைக்கல. கிளட்ச்ச லேசா தொட்டுக்கிட்டே ஓட்டினா இப்படித்தான் ஆகும். மிதிக்கணும்னா முழுசா மிதிக்கணும். விடணும்னா முழுசா விட்டுடணும். ரெண்டுங்கெட்டானா வச்சிருக்கறதுதான் எரியும்." பேரிங்கைக் கீழே வைத்துவிட்டு, சும்மா வானிலை கேட்பது போல் கேட்டார்: "யாரு உங்கள்ல கிளட்ச் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டுறது?"

பட்டறையில் ஒரு வானொலி யாருக்கோ பாடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனியில்தான் இருந்தது. காலையிலிருந்து, ஏன், ஆறு வாரமாக, அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் அவள் வண்டி ஓட்டியிருக்கிறாள். ஆனால் தான் சொல்லி அவன் ஒத்துக்கொண்டால், அது அவள் ஜெயித்ததாகத்தான் ஆகும். திங்கட்கிழமைக்கு அது போதாது, அவனே பார்க்க வேண்டும். அவள் செய்தித்தாளில் இருந்த பழைய விளம்பரம் ஒன்றை மும்முரமாகப் படித்தாள்.

"நோட்டு இருக்குமே சார்?" என்றார் மெதுவண்ணன். "உங்க நோட்டு மாதிரி ஒரு நோட்டு எந்த வண்டியிலயும் நான் பார்த்ததில்ல. போன தடவை எப்போ மாத்தினதுன்னு பார்ப்போம்."

அவன் கொடுக்கத் தயங்கினான். ஆனால் தன் நோட்டைப் புகழ்ந்தவரிடம் எப்படி மறுப்பது? கொடுத்தான்.

மெதுவண்ணன் எண்ணெய்க் கறை படாமல் இரண்டு விரல் நுனியால் தாளைத் திருப்பினார். எல்லாவற்றையும் போல, படிப்பதையும் நிதானமாக, வாய்விட்டுத்தான் படிப்பார்.

"நாப்பத்தோராயிரத்து இருநூறு. கிளட்ச் பிளேட் மாற்றம். காரணம்: தரமற்ற பிளேட்." தாள் புரண்டது. "எம்பத்திரண்டாயிரத்து அறுநூறு. கிளட்ச் பிளேட் மாற்றம். காரணம்: மழைக்காலம், ஈரப்பதம்." மறுபடி தாள் புரண்டது. "ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரம். காரணம்: புது டிரைவர்."

நிறுத்தினார். கண்ணைச் சுருக்கிக் கணக்குப் போட்டார்.

"அட, மூணு தடவையும் நாப்பத்தோராயிரத்துக்கு ஒண்ணு. வாட்ச் வச்ச மாதிரி." அவர் குரலில் குத்தல் இல்லை, வியப்புதான் இருந்தது. "மத்ததெல்லாம் எவ்வளவு சுத்தம் சார்! ஆயில் தேதி தவறினதில்ல. ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில், டயர் இடம் மாத்தினது, எல்லாம் கரெக்டு. என் பட்டறைக்கு வர்ற வண்டியில இதுதான் ராஜா. இது ஒண்ணு மட்டும்..."

"பதிவு பண்ணிக்கவா அண்ணே?" என்று சுட்டி கேட்கவில்லை.

அவன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனான். மெதுவண்ணன் ஏதோ புரிந்தவராக வண்டியைத் தரைக்கு இறக்கினார். அவன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, வலியைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தான்.

கிளட்ச் பெடலின் ரப்பரில் இடது பாதி மொட்டையாக இருந்தது. வரிகள் தேய்ந்து, இரும்பு லேசாகப் பளிச்சிட்டது. அதற்குப் பக்கத்தில் அந்தக் கால் மேடை. பதினொரு வருஷ வண்டியில் அது மட்டும் நேற்று கடையிலிருந்து வந்ததைப் போலிருந்தது. அதன் புள்ளிகள்கூட மழுங்கவில்லை. நடுவில் மட்டும் லேசாக ஒரு தேய்மானம். ஒரு செருப்பின் முன்பாதி அளவுக்கு. ஆறு வாரத்துத் தேய்மானம்.

லிஃப்டுக் கயிற்றில் ஒரு நூல் பிரிந்திருந்தாலும் கண்டுபிடிக்கிறவன் அவன். விரலை அந்த மேடையில் வைத்து, பிறகு பெடலில் வைத்து, மறுபடி மேடையில் வைத்துப் பார்த்தான். வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

நிமிர்ந்தபோது, "ஒரு ஸ்கேல் இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

மெதுவண்ணன் எஃகு ஸ்கேல் ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார். அவன் வண்டியின் முன்பக்க மூடிமேல் நோட்டை விரித்து, ஸ்கேலை வைத்து, "தரமற்ற பிளேட்" என்பதன் மேல் நேராக ஒரு கோடு போட்டான். பதினொரு வருஷத்தில் முதல் அடித்தல். அதற்குமேல் எழுதினான்:

என் இடது கால்.

தாளைத் திருப்பி, மழைக்காலத்தை அடித்தான். "மேற்படி" என்று எழுதினான். கடைசித் தாளுக்கு வந்தான். புது டிரைவரை அடிக்கும்போது ஸ்கேல் கொஞ்சம் நழுவியது. மறுபடி சரியாக வைத்து அடித்தான். "மேற்படி."

நோட்டை மூடி அவளிடம் நீட்டினான். முகத்தைப் பார்க்காமல்தான் நீட்டினான்.

"திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும் நீ?"

"ஆறே காலுக்குங்க."

"ஆறு மணிக்கே கிளம்பு. புதுப் பிளேட்டு. முதல் ஐந்நூறு கிலோமீட்டர் முரட்டுத்தனமா ஓட்டக் கூடாது. மூணாவது வளைவுல ரெண்டாவது கியருக்கு முன்னாடியே வந்துடு." ஒரு நொடி நிறுத்தினான். "உனக்குத் தெரியும். நீ முன்னாடியே வந்துடுவ."

அவள் நோட்டை வாங்கிக்கொண்டாள். "சரிங்க," என்றாள்.

"அண்ணே," என்றாள் சுட்டி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதைச் சொல்ல உனக்கு ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் ஆச்சு."

இந்தத் தடவை அவன் சிரித்தான்.

* * *

வீட்டு வாசலுக்கு வந்தபோது இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. புதுக் கிளட்ச் வெண்ணெய் போல் இறங்கியது. சுட்டி கேட்டைத் திறக்க இறங்கிப் போனாள்.

"புதுப் பிளேட்டோட உத்தரவாத அட்டையைக் கொடுத்தாருல்ல," என்றாள் அவள். "நோட்டுலயே வச்சுடறேன்."

"இரு, நானே அப்புறம்..."

அதற்குள் அவள் நோட்டின் பின்னட்டை உறையில் அட்டையைச் செருகிவிட்டாள். அது பாதியில் தடுத்தது. உள்ளே ஏற்கெனவே ஏதோ இருந்தது. நான்காக மடித்த ஒரு தாள்.

அவன் கை நீண்டது. பிறகு நின்றுவிட்டது. அவள் பிரித்தாள்.

அவன் அலுவலகக் கடிதம். தேதி இரண்டு வாரத்துக்கு முந்தையது. எட்டு மாதத்துக்கு முன் முழங்கால் வலியைக் காரணம் காட்டி அவன் கொடுத்திருந்த விண்ணப்பம் ஏற்கப்படுகிறது. கட்டடங்களைச் சுற்றிச் சோதிக்கும் வேலையிலிருந்து விடுவித்து, மேசைப் பணி தரப்படுகிறது. அடுத்த மாதம் முதல் தேதி போய்ச் சேர வேண்டும். எந்தக் கிளை என்று கீழே போட்டிருந்தது. ரயிலில் ஓர் இரவு தூரத்தில் இருக்கும் ஊர்.

எட்டு மாதம். முழங்கால் வலி தொடங்கியதே இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் என்று நினைத்திருந்தாள்.

வெளியே கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு சுட்டி கையசைத்தாள். "வாங்க அண்ணி, வரலாம்!"

அவள் வண்டியை நகர்த்தவில்லை. நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். இடது காலை எடுத்து மேடையில் வைத்தாள்.

"இதை எப்போ சொல்றதா இருந்தீங்க?"

"பார்க்கலாம்னு..." என்று ஆரம்பித்து, அவன் நிறுத்தினான்.

அந்தச் சத்தம் கேட்டது. அவள் குனிந்து பார்த்தாள். பெடல் இல்லாத பக்கத்தில், தரை விரிப்பை அவன் இடது கால் அழுத்திக்கொண்டிருந்தது.

"முதல்ல காலை எடுங்க," என்றாள் அவள், கோபமில்லாமல். "அப்புறம் முழுசா சொல்லுங்க. நான் கேக்கறேன்."